சாங்வி மதினியும் அவர் வளர்த்த அயிரைகளும்

போன செவ்வாய்க்கிழமை காலை, ஹடப்சரில் எங்கள் வீட்டு அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. சாங்வியில் மதினிக்குப் பக்கத்து வீட்டுக்காரரான சுனந்தா பேசினார். பேப்பர் வாசலிலேயே கிடக்கிறது, அக்கா கதவைத் திறக்கவில்லை என்று ஹிந்தியில் சொன்னார். நாங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு அவுந்த் போய்ச் சேர்வதற்குள் மறுபடியும் போன். இந்த முறை சுனந்தாவால் பேச முடியவில்லை. அவர்கள் சொசைட்டி செயலாளர் போனை வாங்கி, பூட்டுக்காரரை வைத்துக் கதவைத் திறந்தோம், தூக்கத்திலேயே போய்விட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரின் தோளைத் தட்டி ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே, "தெரியும், ஏறு" என்றார்.

செண்பகவல்லி என்பது மதினியின் பெயர். என் வீட்டுக்காரர் பாண்டியின் ஒரே அக்கா. கணவருடைய அக்காவை எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் மதினி என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்து, சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து, இன்ஸ்பெக்‌ஷன் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை, அவ்வளவு பெரிய ஆள்.

என்னைப் பெண் பார்க்க வந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் தலையை ஆட்டிக்கொண்டிருக்க, மதினி மட்டும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு நல்லாருக்கு. காப்பிதான் சாலணார் நாஹி" என்றார். மராத்தி தெரியாத என் அப்பா ஏதோ பாராட்டு என்று நினைத்துக் கும்பிட்டார். பூனாவுக்கு வந்த பிறகுதான் அர்த்தம் தெரிந்தது. இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் "சாலேல்" என்பார்கள். பரவாயில்லை, ஓடும், விடு என்று அர்த்தம். மதினி வாயில் அந்த வார்த்தை வராது. அவருக்கு எல்லாமே "சாலணார் நாஹி", அதாவது செல்லாது. தையல்காரர் தைத்த ரவிக்கை செல்லாது, மண்டியில் பொறுக்கிய வெண்டைக்காய் செல்லாது. என் காப்பி செல்லுபடியாகப் பல வருஷம் ஆனது.

கம்பெனியிலும் அப்படித்தான். ஒருமுறை அவசரமாக அனுப்ப வேண்டிய சரக்கில் நூல் அளவு வித்தியாசம் இருக்கிறது என்று நிறுத்திவிட்டார். மேனேஜர் வந்து, சாலேல் அக்கா, கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார், அப்புறம் மிரட்டியிருக்கிறார். மதினி பேனாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடியும் சோதிக்க உட்கார்ந்துவிட்டார். பிரிவில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அவரோடு உட்கார்ந்தார்கள். அதே மேனேஜர் மதினியின் ஓய்வு விழாவில் மைக்கைப் பிடித்து, நான் பயப்படுவது இரண்டு பேருக்கு, ஒன்று என் அம்மா, இன்னொன்று அக்கா என்று சொன்னார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம், என் மதினி, என் மதினி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அந்த விழாவுக்கு என் வீட்டுக்காரர் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதினியின் கணவர் இறந்த பதினாறாம் நாள், இவர் சொந்தபந்தம் எல்லாரும் இருக்கும்போது, அக்கா இனிமேல் ஹடப்சரில் எங்களோடுதான் இருக்கும் என்று அறிவித்தார். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதினி பந்திக்கு இலை போட்டுக்கொண்டே, "நான் என் வீட்ட விட்டுட்டு எங்கடா வரணும்? சாலணார் நாஹி" என்றார். யாரோ சிரித்துவிட்டார்கள். இவருக்கு முகம் செத்துப்போனது. தாய்க்குத் தாயாக நினைத்துக் கூப்பிட்டேன், சபையில் என்னைக் கழித்துக் கட்டிவிட்டது, இனி அது வாசல்படியை மிதிக்க மாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார். அக்காவும் தம்பியும் ரோஷத்தில் ஒரே அச்சு. இரண்டு தீபாவளி அப்படியே போயிற்று. நான் மட்டும் பஸ் ஏறிச் சாங்விக்குப் போய் வருவேன். இரண்டு பக்கமும் என்னிடம் மற்றவரின் உடம்பைப் பற்றி மட்டும் விசாரிப்பார்கள். இவர்கள் இரண்டு பேரையும் எப்படியாவது பேச வைத்துவிட வேண்டும் என்பதுதான் அப்போது என் ஒரே கவலை.

ஓய்வு பெற்றபோது பிரிவுப் பெண்கள் சேர்ந்து மதினிக்கு ஒரு மீன்தொட்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதில் வைத்த செடியோடு ஒட்டிக்கொண்டு நத்தை வந்துவிட்டது. கண்ணாடி முழுக்கப் பொரிபொரியாக நத்தை. ஒரு பிசிறு பொறுக்காத மதினிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். நத்தையைத் தின்ன லோச் என்று ஒரு மீன் இருக்கிறது என்று யாரோ சொல்ல, என்னையும் கூட்டிக்கொண்டு பிம்ப்ரியில் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரர் காட்டிய தொட்டியின் அடியில், மீசையை ஆட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் வரிவரியாகச் சின்ன மீன்கள் மணலைத் துழாவிக்கொண்டிருந்தன.

மதினி குனிந்து பார்த்தார். "ஏ கலை, இது நம்ம அயிரைடி" என்றார்.

அயிரைதான். வரி போட்டுக்கொண்ட அயிரை. மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு அயிரை என்றால் நாக்குதான் முதலில் பேசும். மதினி அடக்கிக்கொண்டு வேலையில் இறங்கினார். ஒவ்வொரு மீனாக வலையில் எடுக்கச் சொல்லி, வயிறு ஒட்டியது வேண்டாம், மீசை தேய்ந்தது வேண்டாம், மூலையில் தனியாக நிற்பது வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வந்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அக்கா, இது மீன், பேரிங் இல்லை என்று ஹிந்தியில் நொந்துகொண்டார். தனியாக இருந்தால் இது ஏங்கிப்போகும், கூட்டமாகத்தான் வைக்க வேண்டும் என்று அவர் சொன்னதை மட்டும் மதினி உடனே ஏற்றுக்கொண்டு ஆறு வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூடு சமமாகும்வரை காத்திருந்தார். பிறகு தொட்டியில் விடாமல், கடையிலிருந்து நோய் ஏதும் வந்திருந்தால் தெரிய வேண்டும் என்று அடுக்களையில் ஒரு பெரிய வாளியில் தனியாக வைத்தார். கார்ப்பரேஷன் தண்ணீரின் மருந்து வாடை போக ஒரு ட்ரம்மில் பிடித்து ஆற வைத்தார். மீசை கிழியக் கூடாது என்று கூர்க்கல்லை எல்லாம் அள்ளிவிட்டு மணலைச் சலித்துத் தொட்டியில் போட்டார். ஒளிந்துகொள்ள வாளிக்குள் ஒரு மண்சட்டி ஓடு. குதித்துவிடும் என்று வாளிக்கு மேலே வேட்டித் துணி. காற்றுக்கு ஒரு குழாய். கைக்குழந்தைக்குக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாங்வியில் இறக்கிவிட்டுவிட்டுக் கீழேயே நில்லுங்கள் என்று இவரைக் கிளப்பினேன். நல்ல மழை பிடித்துக்கொண்டது. அந்த மழைக்கு நான் இன்றைக்கும் கோயில் கட்டுவேன். சொட்டச் சொட்ட மேலே வந்த தம்பியைப் பார்த்ததும் மதினிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. துண்டை நீட்டினார், "வா" என்றார், தயிர் வாங்கி வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். வீட்டில் ஒரு சட்டித் தயிர் இருந்தது. நான் பால்கனியில் நனையும் துணிகளை எடுக்க ஓடினேன்.

திரும்பி வந்தால் அடுக்களையில் இவர் நிற்கிறார். முகம் அப்படியே பிரகாசமாக இருக்கிறது. கையில் காலியான பால் பாக்கெட். வாளித் தண்ணீர் வெள்ளையாக இருக்கிறது.

எங்கள் ஊரில் அயிரையை உயிரோடு வாங்கிவந்து முதலில் பாலில் விடுவார்கள். பாலைக் குடித்து வயிற்று மண்ணைக் கக்கிவிடும், பிறகுதான் குழம்பு. இவர் துணியை விலக்கிப் பார்த்திருக்கிறார். பூனாவில் கிடைக்கவே கிடைக்காத அயிரை, அதுவும் உயிரோடு. நான் எப்படியும் இன்றைக்குக் கூட்டிவருவேன் என்று தெரிந்து, தனக்குப் பிடிக்குமே என்று அக்கா எங்கெங்கோ அலைந்து வாங்கி வைத்திருக்கிறது என்று மனுஷன் நினைத்துவிட்டார். இரண்டு வருஷக் கோபம் அந்த வாளியில் கரைந்தே போய்விட்டது. பதிலுக்குத் தன்னால் ஆனது என்று பாலை ஊற்றி, புளியையும் ஊறப் போட்டிருக்கிறார்.

மீன் போனால் போகிறது, இனிமேல் இந்த ஜென்மத்தில் இவர்கள் பேச மாட்டார்கள் என்று நினைத்தேன். அதற்குள் மதினி தயிரோடு உள்ளே வந்துவிட்டார்.

"அக்கா, அயிரைய பால்ல போட்டுட்டேன். புளி ஊறுது" என்றார் இவர், சின்னப் பிள்ளை மாதிரி.

மதினி வாளியைப் பார்த்தார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தம்பியைப் பார்த்தார். தயிரைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, டீ வடிகட்டியை எடுத்து ஒவ்வொரு மீனாக அள்ளினார். ட்ரம் தண்ணீரை இன்னொரு வாளியில் ஊற்றச் சொல்லிக் குழாயையும் சட்டி ஓட்டையும் அதில் மாற்றினார். கூடத்துத் தொட்டியை அப்போதுதான் கவனித்த இவருக்கு விஷயம் உறைத்துவிட்டது. ஓசைப்படாமல் வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

"எங்கடா போற? மிச்சத் தண்ணிய யார் தூக்குவா?" என்றது அடுக்களைக் குரல்.

இவர் திரும்பி வந்து ட்ரம்மைத் தூக்கினார். ஒரே ஒரு மீன்தான் பிழைக்கவில்லை. மற்ற ஐந்தும் கொஞ்ச நேரத்தில் வாளியின் அடிக்குப் போய்ச் சட்டி ஓட்டுக்குள் நுழைந்துகொண்டன. இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மதினி கையைத் துடைத்துக்கொண்டே, "அம்மா பால்ல போடுறத மறக்காம வச்சிருக்கியேடா" என்றார். வடிகட்டியைக் கழுவி மாட்டிவிட்டு, "சாலேல்" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். மேனேஜர் கெஞ்சிக் கிடைக்காத வார்த்தை. ஊறிய புளியில் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தார். அக்காவும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காற்றுக் குழாயைப் பார்த்துமா தெரியவில்லை என்று நான் கேட்டதற்கு, குழம்பு வைக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டாமா என்று இவர் சண்டைக்கு வந்தார். மதினிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் தொட்டித் தண்ணீர் மாற்ற இவர் சாங்விக்குப் போய்விடுவார். சேர்ந்து வாழ வா என்று இவரும் கூப்பிடவில்லை, அவரும் கடைசிவரை யார் வீட்டிலும் போய் உட்காரவில்லை. தன் வீட்டில், தன் பூட்டுச் சாவியோடு, தன் இஷ்டப்படி இருந்தார். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொல்லி முடியாது.

சுடுகாட்டுக்குப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். நாங்கள்தான் அவருடைய பிள்ளைகள் என்று மராத்தியில் சொல்லி அழுதார்கள். இவர்தான் கொள்ளி வைத்தார். ஆம்புலன்ஸ், ஐயர், சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் ஓடினார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. மறுநாளும் இல்லை. எனக்குப் பயமாகவே இருந்தது. அவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு மனுஷன் என்ன ஆவாரோ என்று.

நேற்று மீன்களைத் தொட்டியோடு ஹடப்சருக்குக் கொண்டுவந்தோம். தொட்டியின் பழைய தண்ணீரையே கேன்களில் பிடித்து, டெம்போவில் மடியில் வாளியை வைத்துக்கொண்டு இவர் வந்தார். மணலைப் பரப்பி, சட்டி ஓட்டை வைத்து, மீன்களை விட்டுவிட்டு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு மீன் மணலில் பக்கவாட்டில் சாய்ந்து அசையாமல் கிடந்தது. "ஏ கலை, இது செத்துப்போச்சுடி" என்றார். அவ்வளவுதான். தொட்டியைக் கட்டிக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

மீன் சாகவில்லை. புது இடத்துக்கு வந்தால் இவை முதல் நாள் அப்படித்தான் களைத்துச் சாய்ந்து தூங்கும். வாங்கிவந்த அன்றைக்கு, நான் வீடு திரும்பிய பிறகு, மதினியே பதறிப்போய் எனக்குப் போன் செய்து, பிறகு அது எழுந்து நீந்தியதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்போது அக்கா தம்பிக்குப் பேச்சு இல்லை, அதனால் இவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுக்களைக்குப் போய்க் கதவோரம் நின்றுகொண்டேன்.

உங்கள் தம்பி நன்றாக அழுதுவிட்டார் மதினி. இனி நீங்கள் நிம்மதியாகப் போகலாம்.