சூளைக்கதவைத் திறக்காத கலா அக்கா

போன செவ்வாய்க்கிழமை மாலை நான் வேதியியல் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே வந்து, "ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. பக்கத்து வீட்டுக் கலா போயிருச்சாம்" என்றார். முந்தின நாள்தான் மூச்சுத் திணறலோடு ஆட்டோவில் ஏறிப் போயிருந்தார். எழுதிய வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

திருநகரில் கண்ணாடிமணி கலா என்றால்தான் அவரைத் தெரியும். கண்ணாடிக் குச்சியைத் தீயில் உருக்கி, கம்பியில் சுற்றி, ஒவ்வொரு மணியாகச் செய்வார். சாம்பலில் புதைத்து ஆறியதும் மணிகளை மின்சூளையில் அடுக்கி, மறுபடி சூடேற்றி, மறுநாள்வரை மெல்ல ஆறவிடுவார். அவசரமாக ஆறினால் மணியின் வெளிப்புறம் முந்தி இறுகும், உட்புறம் பிந்தும். அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே தங்கிவிடும். நன்றாக இருப்பதாகத் தெரியும் மணி பல நாள் கழித்துப் பிளக்கும். நான் துருவித் துருவிக் கேட்டபோது அக்கா, "ஆறுற வரைக்கும் கதவைத் தொடக்கூடாது. அம்புட்டுதான்" என்று முடித்துவிட்டார்.

நான் தொட்டேன். போன வருடம் சூளை ஆறிக்கொண்டிருந்த ஒரு நாள், அக்கா ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருந்தபோது, உள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்க, துணியைச் சுற்றிப் பிடித்துக் கதவை ஒரு நிமிடம் திறந்தேன். மறுநாள் மணிகள் முழுசாகவே வெளியே வந்தன. அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டியூரில் நாட்டியம் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் தம் மாணவிகளுக்காகக் கேட்ட மாலைகளுக்கான மணிகள் அவை. இரண்டு வாரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஏம்மா கலா, பிள்ளைக கழுத்துல கிடக்கும்போதே டிக்குடிக்குன்னு பிளக்குது. இது மணியா, பட்டாசா?"

சூளை கெட்டுப்போய்விட்டது என்று அக்கா முடிவு செய்தார். வேறு வாங்க அவருக்கு வழியில்லை. "இனிமே யாருக்கும் மணி கொடுக்க மாட்டேன். ஒரு பிள்ளை கண்ணுல பட்டா என்ன ஆகும்?" என்றபடி கண்ணாடி உருக்கும் பர்னரைக் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார். கதவைத் திறந்ததை அப்போதுதான் சொன்னேன்.

"அப்ப சூளை நல்லாத்தான் இருக்கா?" என்று மூன்று தடவை கேட்டார். பிறகுதான் திட்டினார். "அடியே புஸ்தகப்புழு! படிக்கிறது பத்தாதுன்னு என் பொழப்புலயா பரீட்சை வச்ச?"

மறுநாள் என்னை டீச்சர் வீட்டுக்குக் கூட்டிப்போய், "நீயே சொல்லு" என்று முன்னே தள்ளிவிட்டார். சொன்னேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேற செஞ்சு கொடு கலா. இவளை மட்டும் பக்கத்துல விடாத" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தார். பழங்காநத்தம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"உள்ள எப்படிடி இருந்துச்சு?"

"எதுக்குள்ளக்கா?"

"சூளைக்குள்ள. சூடா இருக்கும்போது நான் ஒருநாளும் பார்த்ததில்லையே."

"இருட்டா இருந்துச்சுக்கா. கம்பிச்சுருள் மட்டும் செவப்பு. பச்சை, நீலம் எதுவும் தெரியல. மணியெல்லாம் ஒரே நிறம்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அவரை அறிந்த உங்களில் பலரிடம் அவர் செய்த மணிகள் இருக்கும். என்னிடம் ஒன்றுகூட இல்லை. அவர் கடைசிவரை பார்க்காத, சூடாக இருந்த அந்தச் சூளையின் உட்புறம்தான் என்னிடம் இருக்கிறது. தப்புச் செய்து பார்த்தது.