வளர்மதி அக்கா எடுத்த பிரேக் நாள் விடுப்பு

நேற்று மாலை துறையில் என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. தாவரவியல் பேராசிரியர் வளர்மதி அக்கா மாரடைப்பில் காலமாகிவிட்டார்.

மேசையைக் காலி செய்தது இன்று எனக்கு ‘பிரேக்’ என்பதால். ஒப்பந்த விரிவுரையாளர்களை ஆண்டுக்கொரு நாள் வேலையிலிருந்து நீக்கி, மறுநாள் புதிதாகச் சேர்ப்பார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாதல்லவா?

நானும் அக்காவும் ஒரே நேர்காணலுக்குப் போனவர்கள். இருந்த ஒரே நிரந்தர இடம் அவருக்குக் கிடைத்தது. எனக்கு, “அடுத்த முறை பார்ப்போம்” என்றார்கள். அவர் கணவரும் சுரங்கத்தில் பர்மனென்ட். டவுன்ஷிப்பில் மாமரத்தோடு குவார்ட்டர்ஸ். நான் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. பொறாமை இல்லை என்று சொன்னால் அக்காவே சிரித்துவிடுவார்.

என் முதல் பிரேக் நாளில் அவரும் விடுப்பு போட்டார். “நீ இல்லாத அன்னிக்கு எனக்கு மட்டும் அங்க என்ன வேலை? கெளம்பு, பண்ருட்டி போலாம்” என்றார். பலாப்பழக் காலம். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒருமுறை பொறுக்காமல் சொன்னேன்: “உங்களுக்கு இது சம்பளத்தோட லீவுக்கா. எனக்கு வேலையே இல்லாத நாளு.”

“ஏண்டி, வயித்தெரிச்சலா? இந்தா, பெரிய சுளை உனக்குத்தான்.”

அந்தச் சுளையைத் தின்றுகொண்டே வயிறெரிந்தேன். துறைக் கூட்டங்களில் எங்களுக்காக எழுந்து நின்று, “இவங்கள எப்ப பர்மனென்ட் பண்ணுவீங்க?” என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். நான் அப்படிக் கேட்டால் அடுத்த ஆண்டு ஒப்பந்தம் வராது.

இன்று காலை அந்த மாமரத்தடியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். வந்த பேராசிரியர்கள் எல்லோரும் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாலையைப் போடும்போதே, இனி இந்த இடம் எனக்கு வருமா என்று மனம் கேட்டது. அழுதுகொண்டேதான் கேட்டது.

துறைத் தலைவர் அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: “அவங்க போஸ்ட்ட இனிமே நிரப்ப மாட்டாங்களாம்மா. கான்ட்ராக்ட்லதான் ஆள் எடுப்பாங்களாம்.”

அதையும் கையோடு கொண்டுபோய்விட்டீர்களே அக்கா! இந்த பிரேக் நாளிலும் நீங்கள் வேலைக்குப் போகவில்லை. போய் வாருங்கள். நாளைக் காலை நான் மறுபடியும் புது ஆளாகச் சேர வேண்டும்.