பானை சுமந்தவள் பங்கு

கம்பு முளைத்த வாக்கிலேயே கருகிப்போன வருஷம் அது. நான் நாலாம் வகுப்பு. எங்கள் பக்கம் வானம் இப்படி அழிச்சாட்டியம் பண்ணினால் பெண்கள் மழைச்சோறு எடுப்பார்கள். மழை இறங்கும்வரை தினமும் வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு அகப்பை உப்பில்லாக் கூழ் வாங்கி, ஒரே பானையில் கலந்து, வறண்ட கண்மாய்க்குள் உட்கார்ந்து குடிப்பார்கள். ஊரே பிச்சையெடுப்பதைப் பார்த்தாவது வானத்துக்கு வெட்கம் வராதா என்ற நப்பாசைதான்.

அந்த வருஷம் பானை சுமந்தது சித்தி. சித்தப்பா தீப்பெட்டி ஆபீஸ் வேலை நின்றதும் வெளியூர் போனவர், எஸ்.டி.டி. பூத்துக்கு ஒரு போன்கூட இல்லை. சித்திக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அம்மா என்ன கொடுத்தனுப்பினாலும், "எங்க வீட்லயும் உலை கொதிக்குதுக்கா" என்று திருப்பி அனுப்பிவிடுவாள்.

பானையின் அடியில் மிஞ்சுவது சுமந்தவள் வீட்டுக்கு, அதுதான் முறை என்றாள் அம்மா. பங்கு வைப்பதும் அம்மாதான்; அப்போது அவள் கை அப்படிச் சுருங்கிவிடும். பானையில் கால்வாசி நிற்கும். எனக்கு அதன்மேல் ஒரே கண்.

"நான் சுமக்கேம்மா."

"பேசாம வாட்டி. ஒந்தலையே பானை மாதிரிதான் இருக்கு."

ஒருநாள் மழை பெய்தேவிட்டது. கரிசல் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மறுநாளும் அம்மா பெண்களைக் கூட்டிக்கொண்டு கிளம்ப, பெரியப்பா தெருவில் மறித்தார். அம்மா அவரிடம் நேராகப் பேசமாட்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் டெலிபோன்.

"ஏட்டி, மழைதான் பேஞ்சிட்டுல்லா, இன்னும் எதுக்குச் சட்டியத் தூக்கிட்டு அலையுதாளுவன்னு ஒங்கம்மாட்ட கேளு. மானம் போவுது."

"மழை வயித்துக்குள்ளயா பேஞ்சுது? இனிமே வெதச்சுக் கதிர் முத்துத வரைக்கும் எடுப்போம்னு சொல்லுட்டி. மானம் போவுதுன்னா நாளைக்கு அவியளே வந்து பானையச் சுமக்கட்டும்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்.

அறுவடை வரைக்கும் மழைச்சோறு எடுத்த ஊர் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். அதுதான் பெய்துவிட்டதே, இந்த அம்மாவுக்கு இன்னும் என்ன மழையாசை என்று எனக்கு ஒரே சலிப்பு.

எட்டயபுரம் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரிலும் ஒரு வறட்சியில் மழைச்சோறு எடுத்தார்கள். அடியில் மிஞ்சுவது பானை சுமந்தவளுக்குத்தானே என்று கேட்டேன்.

"இது எந்த ஊரு முறை தாயி? நாங்க கேள்விப்பட்டதே இல்லையே" என்றாள் மாமியார்.

சித்தி வீட்டு உலையில் அந்த வருஷம் பூராவும் வெறும் தண்ணீர்தான் கொதித்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.