இடம் மாறிய தாள்

பிள்ளைகளே, அமெரிக்காவில் டேலி சிட்டி நூலகக் கூடத்தில் நிற்கிறேன். ஃபிலிப்பைன்ஸ்காரர்கள் தாங்களே வரைந்து, தாங்களே ஸ்டேப்ளர் பின் அடித்த காமிக்ஸ் புத்தகங்களை மேசைகளில் பரப்பியிருக்கிறார்கள். ஒரு நர்ஸ் தன் முதல் புத்தகத்தை நீட்டி, “படிச்சிட்டு உண்மையச் சொல்லுங்க, சார்” என்கிறார்.

ஆஸ்பத்திரியில் போர்வை திருடும் பேயின் கதை. படங்கள் அருமை. ஆனால் பேய் பிடிபட்ட பிறகுதான் போர்வை காணாமல் போகிறது.

“அப்பா, ஜஸ்ட் சே நைஸ், நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க” என்று கூட வந்த மகள் முழங்கையால் இடிக்கிறாள்.

“ஒரு தாள் இடம் மாறியிருக்கும்மா” என்று நர்ஸிடம் சொல்லிவிடுகிறேன்.

அவர் மற்ற பிரதிகளையும் புரட்டுகிறார். “போச்சு! எல்லாத்துலயும்!”

பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் புத்தகங்களை விட்டு வந்து, நகத்தாலேயே பின்னைப் பிரித்துத் தாள்களைச் சரியாக அடுக்குகிறார்கள்.

திருத்திய முதல் பிரதி என் கைக்கு வருகிறது. நர்ஸ் நின்றபடி என் முகத்தையே பார்க்கிறார். கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்ட பேய், “குளிருதும்மா” என்கிறது. வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

அப்போதுதான் நர்ஸ் நாற்காலியில் உட்காருகிறார்.