விடுதியில் போட்ட பூட்டு

சென்னையில் நான் படித்த அந்தப் பெரிய கல்லூரியின் விடுதியில், தமிழில் படித்துவிட்டு வந்தவனுக்கு 'மரம்' என்று பெயர். வகுப்பில் இங்கிலீஷில் கேள்வி கேட்டால் எழுந்து அசையாமல் நிற்பான் அல்லவா, அதனால். பக்கத்திலிருப்பவன் பதிலைக் கிசுகிசுத்தால் அவன் 'தண்ணி ஊத்துறான்'. மரம் பரீட்சையில் தேறினால் 'காய்ச்சிருச்சு'. தேறாமல் ஊர் போய்ச் சேர்ந்தால் 'வெட்டியாச்சு'. மெஸ் ரசம் 'தீர்த்தம்'. வார்டன் 'மழை', வராண்டாவில் எவனாவது "மழைடா!" என்று கத்தினால் அத்தனை பேரும் அறைக்குள் ஓடுவார்கள்.

என்னையே கேலி செய்த பேச்சுதான். ஆனாலும் பேச்சு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். எவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைத்திருக்கிறான்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரித்தேனே தவிர, உள்ளே பயம் இருந்தது. எங்கள் பக்கத்து வியாபாரிகள் வரவில் ஒரு பங்கை ஊர்ப் பொதுவுக்கென்று மகமையாக எடுத்து வைப்பார்கள். அந்த மகமைதான் என்னைப் படிக்க அனுப்பியது. அப்பா, அம்மா இல்லை. சிவகாசிப் பக்கம் எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த அக்காதான் எனக்கு எல்லாம். விருதுநகர் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடும்போது அவள் சொன்னது ஒன்றுதான்.

"ஏலே, பெரிய ஆளா வரணும்னுல்லாம் நான் கேக்கல. பாதியில வந்து நிக்காத, அம்புட்டுதான்."

முதல் லீவுக்கு வந்தபோது விடுதிப் பேச்சையெல்லாம் அவளிடம் ஒப்பித்தேன். 'மழை'க்குச் சிரித்தாள். 'மரம்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நிக்கிற மரத்தப் பாத்து, அதும் நெழல்ல உக்காந்திருக்கவன் சிரிக்கானாக்கும்" என்றாள்.

விடுதிப் பேச்சில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல் 'பூட்டு'. எது நடந்தாலும் செய்தவன் யார் என்று வெளியே சொல்லக்கூடாது. ஒரு சீனியர் 'பூட்டு' என்று சொல்லிவிட்டால் போதும், எவன் வாயும் திறக்காது. அதைக் கேட்டபோது ஊருக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது எனக்கு.

காரணம் உண்டு. அக்காவின் கம்பெனியில் ஓர் அறைக்கு நாலு பெண்கள் உட்கார்ந்து திரி வைப்பார்கள். சரக்கு கெட்டுப்போனால் ஃபோர்மேன் வாசலில் வந்து நின்று, "யார் கை?" என்று கேட்பார். ஒருத்தியும் இன்னொருத்தியைக் காட்டமாட்டாள். அதோடு வாயை மூடிக்கொள்ளவும் மாட்டார்கள். "எங்க கைதான்" என்று நாலு பேரும் சொல்வார்கள். திட்டு விழுந்தால் நாலு பேருக்கும், கூலியில் பிடித்தால் நாலு பேருக்கும். வெடிமருந்துக்கு நடுவில் உட்கார்ந்து செய்கிற வேலை. ஒருத்தியைத் தனியே விட்டுவிட்டால் மறுநாள் யாரை நம்பி அந்த அறைக்குள் போய் உட்காருவது?

பூட்டு என்றால் அதுதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் வருஷம், தீபாவளிக்கு முந்தின வாரம். மத்தியானச் சாப்பாடு முடிந்து நானும் என் அறைத்தோழனும் வராண்டாவில் வந்துகொண்டிருந்தோம். அவன் வக்கீல் வீட்டுப் பையன், நல்லவன். வகுப்பில் எனக்குத் தண்ணி ஊற்றியதெல்லாம் அவன்தான். வார்டன் அறைவாசலில் விடுதியின் கிரிக்கெட் கேப்டன் குனிந்து ஒரு சரவெடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் சிரித்தபடி உதட்டில் விரல் வைத்து, "பூட்டு" என்றான். ஓடிவிட்டான்.

வெடி அறைக்குள் தாவி ஜன்னல் திரையில் பிடித்துக்கொண்டது. தூக்கத்திலிருந்து எழுந்த வார்டன் வெறும் கையால் திரையை இழுத்துப் போட்டார். உள்ளங்கை வெந்துபோயிற்று.

சாயங்காலம் எல்லாரையும் சாப்பாட்டுக்கூடத்தில் நிறுத்தினார்கள். கையில் கட்டுப்போட்டிருந்த வார்டன், மற்றொரு கையில் கிழிந்த ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். வெடிக்கட்டின் லேபிள். பச்சைக்கிளி படம், அதன் கீழே சிவகாசி என்று ஊர்ப்பெயர்.

"இந்த ஊர்க்காரன் யார்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் ஒருவன்தான். கையைத் தூக்கினேன்.

நாட்டில் எந்த மூலையில் பட்டாசு வாங்கினாலும் அந்தப் பேர்தான் போட்டிருக்கும், அந்த வெடி மவுண்ட்ரோட்டுக் கடையிலேயே கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். தமிழில் என்றால் ஒரு மூச்சில் சொல்லியிருப்பேன். அந்த வளாகத்தில் வார்டனிடம் தமிழில் பேசுவது வழக்கமில்லை. "நான் இல்லை சார்" என்பதற்கு மட்டும் இங்கிலீஷ் வந்தது.

"அப்படியானால் யார்?"

நின்றேன். பக்கத்தில் அறைத்தோழன். அவன் உதட்டைப் பார்த்தேன், அசையவில்லை. பரவாயில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன். பூட்டுப் போட்டவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம், இப்போது எங்கிருந்தாவது ஒரு குரல் வரும், "எங்க கைதான்" என்று ஆரம்பிக்கும், கூடமே சேர்ந்துகொள்ளும் என்று காத்திருந்தேன். கேப்டன் முன்வரிசையில் நின்று நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு குரலும் வரவில்லை. என் வாயும் திறக்கவில்லை. மறுநாள் பெயரை நீக்கிவிட்டார்கள்.

படுக்கையைக் கட்ட அறைத்தோழன்தான் உதவி செய்தான். "ஏன்டா, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அவனை அனுப்பிட்டா டீமே போயிடும்டா" என்றான். கயிற்றை இறுக்கி முடிச்சுப்போட்டுவிட்டு, "உனக்கும் இங்க படிப்பு கஷ்டமாத்தானேடா இருந்துது" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அது இன்னமும் எனக்கு ஆறவில்லை.

வீட்டு வாசலில் பெட்டியோடு என்னைப் பார்த்ததும் அக்கா, "பாதியில வந்துட்டியேலே" என்றாள். நடந்ததைச் சொன்னேன்.

"எங்க கைதான்னு ஒருத்தங்கூடவா சொல்லல?"

"சொல்லலக்கா."

மகமைக்காரர்களிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். கடை வாசலிலேயே நிறுத்தி ஒரு முதலாளி, "பட்டாசுக்காரி தம்பி வேறென்னத்த வெடிப்பான்?" என்றாராம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்களுக்கு இரண்டும் ஒரே வாசலில் வந்து இறங்கின. அடுத்த வருஷம் அந்த உதவி எங்கள் தெருவில் எந்தப் பிள்ளைக்கும் வரவில்லை.

நான் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கடையில் பார்சல் கட்டப் போனேன். படிப்பு என்று அப்புறம் வந்ததெல்லாம் பார்சல் சுற்ற வந்த பழைய பத்திரிகைகளிலிருந்து வந்ததுதான்.

பல வருஷம் கழித்து, தீபாவளி சீசன் நேரம். லோடு ஏற்றுகிற லாரிகளுக்கு நடுவே ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் என்னைக் கண்டதும், "டேய் மரம்!" என்று கத்தினார். அறைத்தோழன். பெரிய உத்தியோகத்தில் இருந்தார். கட்டிப்பிடித்தார். அவருக்குக் கண்கூடக் கலங்கியது. பிள்ளைகளுக்கு வெடி வாங்கினார். நான் கட்டக் கட்டப் பேசிக்கொண்டே இருந்தார்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? ஆஸ்டல்ல உன் ஊர்ப் பேர் இன்னும் ஓடுதுடா. எவன் பழியையாவது இன்னொருத்தன் தலையில கட்டிட்டா, 'சிவகாசி பண்ணிட்டான்'னு சொல்றாங்க. புதுசா வர்ற பசங்களும் சொல்றாங்க. ஏன்னு எவனுக்கும் தெரியாது!" தொடையில் தட்டிச் சிரித்தார்.

எனக்குச் சோறு கொண்டு வந்திருந்த அக்கா ஓரமாக நின்றிருந்தாள். லாரிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. "சாப்பிட்டீகளாய்யா?" என்று அவரைக் கேட்டாள். அவர் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

"யாருலே இவுக?"

"கூடப் படிச்சவுக."

"எம்புட்டுப் பிரியமாப் பேசுதாரு. உன்னைய மறக்கல பாத்தியா" என்றாள் அக்கா.

"ஆமாக்கா, மறக்கல" என்றேன். அடுத்த ஆர்டருக்குச் சணலை எடுத்தேன்.