காணிக்கையை வைத்துவிட்டுப் போனவர்

எங்கள் பெரியப்பாவுக்குப் பிரசங்கத்தை எழுதத்தான் தெரியும், கேட்கத் தெரியாது. இப்படி நான் சொன்னால் எங்கள் குடும்பத்தில் இன்றும் இரண்டு பேருக்குக் கோபம் வரும். வரட்டும். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன பயம்?

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர் வேதக்கோயிலுக்குப் பெரியவர்கள் பனையோலையும் எழுத்தாணியுமாக வருகிற வழக்கம் முன்பு இருந்தது. உபதேசியார் பிரசங்கம் செய்யச் செய்ய ஓலையில் கீறிக்கொள்வார்கள். எனக்கு ஒன்பது வயதானபோது காகிதமும் மையும் வந்து, மற்ற எல்லாரும் ஓலையை விட்டுவிட்டிருந்தார்கள். பெரியப்பா விடவில்லை. முதல் வரிசைப் பாயில் உட்கார்ந்து அவர் கீறுகிற கீச்சுச் சத்தம் பெண்கள் பக்கம்வரை கேட்கும். பிரசங்கம் முடிந்ததும் உபதேசியார், "அண்ணாச்சி, வாசியுங்க" என்பார். பெரியப்பா எழுந்து நின்று ஒரு சொல் விடாமல் வாசிப்பார். பிந்தி வந்தவர்களுக்கும் தூங்கி வழிந்தவர்களுக்கும் அது பெரிய உபகாரம். இருபது வருஷத்துப் பிரசங்கம் கட்டுக் கட்டாக அவர் வீட்டு உத்தரத்தில் தொங்கியது.

அதே பெரியப்பாதான் எங்கள் வாழைக்குப் போகிற தண்ணீரை அடைத்தவர். பாகம் பிரித்தபோது வரப்பில் நின்ற ஒரு தென்னை யாருக்கு என்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு. அப்பா ஒரு நாள் கோபத்தில் அதில் ஏறிக் காய்களையெல்லாம் வெட்டித் தள்ளிவிட்டார். மறுநாள் காலையில், பெரியப்பா வயல் வழியாக எங்களுக்கு வரும் வாய்க்காலில் கல்லும் மண்ணும் போட்டு மடை அடைபட்டுக் கிடந்தது. இரண்டு வருஷமாக அப்பா ஆற்றிலிருந்து தோண்டியில் சுமந்து ஊற்றினார். ஆறு பக்கத்தில் ஓட, எங்கள் வாழை கருகியது. முதல் வரிசையில் இருக்கிற அந்த முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று அப்பா கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். அந்த வருஷமும் குலை தள்ளாவிட்டால் இலங்கைக்குத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவதென்று தகரப் பெட்டிகூட வாங்கி வைத்தாயிற்று. அந்தப் பெட்டி இருந்த பக்கமே நான் போகமாட்டேன். போனவர்கள் திரும்பி வந்த கதை எங்கள் தெருவில் குறைவு.

அறுப்பின் பண்டிகை வந்தது. விளைந்ததில் நல்லதை எடுத்துக் கோயிலில் படைக்கிற நாள். நெல்லும் பூசணியும் கால் கட்டிய கோழிகளுமாகப் பீடத்தின் முன்னால் குவிந்து கிடந்தன. பெரியப்பா வெள்ளை வேட்டி சரசரக்க, ஓர் ஆள் உயர ஏத்தன் வாழைக்குலையைத் தாமே சுமந்துவந்து நடுவில் வைத்தார். ஊரே வாயைப் பிளந்தது. அப்பா வயலில் இருக்க, நானும் அம்மாவும் ஒரு சிறங்கை அரிசி கொண்டுபோயிருந்தோம். "ஏட்டி, பராக்குப் பாக்காத" என்று அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

அன்றைய பிரசங்கம், காணிக்கை கொண்டுவருகிறவனுக்குச் சகோதரனோடு மனஸ்தாபம் இருந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகி வரவேண்டும் என்பதைப் பற்றியது. எழுத்தாணி எப்போதும்போல் கீச்சிட்டது. எழுதினாரே தவிர, அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எருமைமேல் மழை பெய்தாற்போல என்று அம்மா முணுமுணுத்தாள்.

முடிந்ததும் வழக்கப்படி, "அண்ணாச்சி, வாசியுங்க."

பெரியப்பா வாசித்தார். பாதிவரை கணீரென்று வந்தது. 'வைத்துவிட்டு முதலில் போய்' என்ற இடத்தில் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடியும் அதே இடத்தை வாசித்தார். மறுபடியும் நின்றார். பிறகு ஓலையைப் பாயில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், நடுவழியாக நடந்து வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே நாலு பேர் எழுந்தார்கள். உபதேசியார் கையை உயர்த்தினார். "யாரும் எந்திரிக்கப்பிடாது. காணிக்கை இங்கன இருக்கு. ஆளு வரட்டும்."

அவ்வளவுதான், ஊர் உட்கார்ந்தது. தெரிந்த கீர்த்தனையெல்லாம் பாடித் தீர்த்தோம். வெளியே ஊர் விருந்தான அசனத்துக்கு வடித்த சோறு ஆறிக்கொண்டிருந்தது. ஒரு கோழி கட்டவிழ்ந்து பிரசங்க பீடத்துப் படியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. விரட்டக்கூட ஒருவரும் எழுந்திருக்கவில்லை. வயலில் இரண்டு பேர் கையிலும் மண்வெட்டி இருக்குமே என்று ஒரு கிழவர் சத்தமாகவே கவலைப்பட்டார். அம்மாவின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. இரண்டு வருஷமாக எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெரியம்மா, தன் இடத்திலிருந்து பைய நகர்ந்து வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெயில் வாசற்படியை விட்டு இறங்கிய நேரத்தில் பெரியப்பா வந்தார். வெள்ளை வேட்டி முழங்கால்வரை சேறு. தோளில் மண்வெட்டி. அவருக்குப் பின்னால் அப்பா, அரையில் வயல் துண்டோடு, கோயிலுக்குள் வரக் கூசிக்கொண்டு வாசலிலேயே நின்றார். பெரியப்பா திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முதல் வரிசையில், தம்முடைய பாயில், தம் பக்கத்தில் உட்காரவைத்தார். பிறகு சபையைப் பார்த்து, "தண்ணி போகுது" என்றார்.

கோயில் மணியை யார் அடித்தார்களோ தெரியாது. சபை மொத்தமும் எழுந்து பாடியது. ராகம் ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். கூரை பிய்த்துக்கொண்டு போகாதது கர்த்தரின் கிருபை. அப்படி ஒரு பாட்டை அதற்குப் பிறகு நான் எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. பெரியம்மா அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் குதித்தேன். அப்பா இலங்கைக்குப் போகமாட்டார்.

வயலில் நடந்ததைச் சோறு சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார். பெரியப்பா வந்ததும் அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்து அடைப்பை வெட்டத் தொடங்கிவிட்டாராம். "யாரு அனுப்புனா?" என்று அப்பா முறைப்பாகவே கேட்டாராம். "யாரும் அனுப்பல. நானே வாசிச்சேம்லே" என்றாராம் பெரியப்பா. அதற்கு மேலும் அப்பா கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாராம், வெகுநேரம், அண்ணன் ஒற்றை ஆளாய்க் கல்லைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டு.

சாயங்காலம் தண்ணீர் பாய்வதைப் பார்க்க அப்பாவோடு போனேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "பெரியப்பாதான நம்மளத் தேடி வந்தாவ. அப்பம் நாமதான ஜெயிச்சோம்?" என்றேன்.

அப்பா வாய்க்கால் கரையில் குத்தவைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணாச்சிய இம்புட்டுத் தூரம் நடக்க விட்டுட்டனே" என்றார்.

இதற்கு ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்குக் கணக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் தோளைத் தட்டி, பெரிய மனுஷியாக, "எங்கப்பா தூரம்? கோயில்ல இருந்து கூப்பிடு தூரந்தான" என்று தேற்றினேன்.