வானகரத்து இரண்டாவது மாடியும் கஸ்தூரி அக்கா கேட்ட கேள்வியும்

கிராம்பு எண்ணெய் வாசனையும் ஈரச் சிமெண்ட் வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா...

என் முதல் வேலை அப்படித்தான் மணக்கும்.

வானகரத்தில், பைபாஸைப் பார்த்தபடி பாதி கட்டிய ஒரு கட்டடம். கீழே பல் மருத்துவமனை. இரண்டாவது மாடியில் நாங்கள். 'வாய் உயிரியல் ஆராய்ச்சி நிலையம்' என்று பெயர்ப்பலகை மட்டும் பெரிசு. உள்ளே மூன்றே பேர். இயக்குநர் மேடம், லேப் டெக்னீஷியன் பாபு, பயோகெமிஸ்ட்ரி எம்.எஸ்சி. முடித்த கையோடு வந்து சேர்ந்த நான்.

அப்பாவின் வேலையில் கிடைத்த ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம்; அங்கே யாராவது என்ன வேலை என்று கேட்டால் விளக்குவேன். பல், ஈறு, எச்சில், கன்னத்தின் உட்பக்கம்... இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது, ஏன் கெட்டுப்போகிறது என்று பார்க்கிற இடம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப பல் டாக்டர்" என்பார்கள்.

மழை முடிந்ததும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் சரி என்றால்தான் பிஎச்.டி.க்கு மாணவர்களைச் சேர்க்க முடியும். முதல் மாணவி நானாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வெளியே சொன்னதில்லை.

"அஞ்சு வருஷத்துல இந்த இடம் என்னவா ஆகணும்னு எழுதிக் குடுக்கணும். பயப்படாம கனவு காணுங்க" என்றார் மேடம்.

கண்டோம்!

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் உட்காருவோம். பேச்சு மும்முரத்தில் கீழே லாரிகள் சத்தமே இல்லாமல் மிதந்து போவது போல இருக்கும். பெரிய மைக்ரோஸ்கோப். எச்சில் மாதிரிகளை வருடக்கணக்கில் வைத்திருக்க ஆழ்குளிர் பெட்டி. பத்து மாணவர்கள். வெளிநாட்டுக் கூட்டு ஆராய்ச்சி... பாபு ஒரு லிஃப்ட் வேண்டும் என்றான். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் புகையிலை போடுகிறவர்களின் எச்சிலைச் சேகரித்துக்கொண்டிருந்தோம். பாடியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கஸ்தூரி அக்கா. கேன்டீனில் சமையல். நாற்பது வயது இருக்கும். அடுப்படியில் நிற்கும்போது அசதி தெரியாமல் இருக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாராம்.

சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"என் வாயில இன்னா கீதுன்னு எப்பம்மா சொல்லுவ?"

"இது ஆராய்ச்சிக்குக்கா. தனித்தனியா ரிசல்ட் குடுக்கிறதில்ல."

"அப்ப இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன்?" என்று சிரித்தார். கோபமே இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

போன பிறகு என் நோட்டில் ஒரு வரி எழுதினேன். 'இடது கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு.' குழாயைக் கொடுக்குமுன் அவர் வாயை டார்ச் அடித்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது. நான் டாக்டர் இல்லை, பார்க்க வேண்டியவர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

யார் பார்ப்பார்கள்? அந்த நோட்டைத் திறப்பதே நான் மட்டும்தான்.

பத்து நாள் கழித்து, குழுவுக்குக் காட்ட வேண்டிய அட்டவணையை எழுத உட்கார்ந்தபோது அந்த வரி கண்ணில் பட்டது. மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அந்தம்மாகிட்ட சொன்னியா, சுதா?"

"இல்ல மேடம்."

திட்டவில்லை. "குழு வர்றதுக்கான ரிகர்சல் நாளைக்கு வேணாம். பாடிக்குப் போய்ட்டு வா" என்றார்.

போனேன். கேன்டீனில் ஆவி பறக்கிற அண்டாவுக்குப் பின்னால் அக்கா. என்னைப் பார்த்ததும் கரண்டி நின்றுவிட்டது.

"இன்னாம்மா, இம்மாந்தூரம்? எனக்கு எதுனா கீதா?"

"தெரியலக்கா. டாக்டர் பாத்தாதான் தெரியும். அன்னைக்கே சொல்லியிருக்கணும்... தப்பு என்னோடதுதான்."

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீயும் கூட வர்றியா?"

மறுநாள் போய்க் கூட்டி வந்தேன். கீழே மருத்துவமனையில் துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வரும்வரை தினமும் கீழே இறங்கிப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன்.

புற்றுநோய் இல்லை. விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார்கள். திட்டை அகற்றினார்கள். புகையிலையை விடுவதற்குத்தான் அக்காவுக்கு ரொம்ப நாள் பிடித்தது. இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை விட்டார்.

மேடம் எங்கள் கனவுப் பட்டியலை வாங்கி, மேலே கையால் ஒரு வரி சேர்த்தார். 'மாதிரி கொடுக்கிற ஒவ்வொருவருக்கும் நாம் கண்டதை அவருக்குப் புரிகிற மொழியில் சொல்வோம்.'

குழுவில் ஒருவர், "இது சமூக சேவை மாதிரி இருக்கே, ஆராய்ச்சி இலக்கா?" என்று கேட்டார்.

"இது இல்லன்னா அடுத்த தடவை யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க சார்" என்றார் மேடம்.

அந்த வருடம் அனுமதி கிடைக்கவில்லை. அந்த வரியால் இல்லை, கட்டடம் முடியாததால். அடுத்த வருடம் கிடைத்தது. அதற்குள் அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வீட்டுச் செலவுக்காக நான் அம்பத்தூரில் வேறு வேலைக்குப் போயிருந்தேன்.

பல வருடம் கழித்து, போன மாதம் அந்தப் பக்கம் போனபோது உள்ளே நுழைந்து பார்த்தேன். ஆறு மாடி. நாங்கள் மாடியில் உட்கார்ந்து கண்டதெல்லாம் வரிசையாக நிற்கிறது. குழாய்களில் பெயர் இல்லை, பார்கோடு. முடிவுகள் தமிழில் நேராக மாதிரி கொடுத்தவரின் போனுக்கே போய்விடுமாம்.

"அதைப் பாக்காதவங்களுக்கு?" என்று அங்கிருந்த பிஎச்.டி. மாணவியைக் கேட்டேன்.

"கால் பண்ணுவோம்க்கா. எடுக்கலன்னா நேர்லயே போய்டுவோம். போன வாரம் நெமிலிச்சேரில ஒரு அண்ணன் வீட்டைத் தேடி ஒரே அலைச்சல்" என்று அலுத்துக்கொண்டாள்.

அவளைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.